இழையின் திசையறிந்த அறிஞர்

எல்லவிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தில் செல்வோர் தெமோதரை நிலையத்தை அறிவர். அங்கிருந்து புறப்படும் வண்டி குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று முன்னர் தான் நின்றிருந்த அதே நிலையத்தின் அடியிற் குடையப்பட்ட சுரங்கத்தினுள் நுழைந்து மறுபுறம் வெளிப்படுகிறது. 1924ஆம் ஆண்டிற் பதுளை வரை நீண்ட இம்மலைப் பாதை ஒற்றைப் பாதையாகும். ஏறும் வண்டிக்கும் இறங்கும் வண்டிக்கும் தண்டவாளம் ஒன்றே. ஆகவே நிலைய அதிபருக்குப் பாதை தெரிந்திருந்தால் மட்டும் போதாது. வண்டி எத்திசையில் வருகின்றது என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும்.

உயிர்களின் உடலணுக்களுள்ளும் இத்தகைய பாதையொன்று உண்டு. தாய் தந்தையரின் இயல்புகளை மக்களிடம் சேர்ப்பிக்கும் டி.என்.ஏ. என்னும் பொருளே அது. இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுகிய ஏணி போன்று அது அமைந்துள்ளது. அதில் எழுதப்பட்டுள்ள எழுத்துகளைக் கண்டறிந்தால் மட்டும் போதாது. இரண்டு இழைகளுள் எந்த இழையை, எந்த முனையிலிருந்து படிக்க வேண்டும் என்பதையும் அறிந்தாலன்றி அவ்வெழுத்துகளுக்குப் பொருளில்லை. இந்த உண்மையைத் தம் ஆய்வுக்கு அடிப்படையாகக் கொண்டு, ஒரு பரம்பரையலகு முழுவதையும் எழுத்தெழுத்தாகத் தம் கூடத்திலேயே கட்டி முடித்தவர் ஓர் இந்தியர். ஹர் கோவிந்த் குரானா என்பது அவர் பெயர்.

குரானா பஞ்சாபிலுள்ள ராய்ப்பூர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானைச் சேர்ந்தது. 1922ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் என்று ஆவணங்கள் கூறுகின்றன. பிறந்த நாளைத் திட்டமாகக் குறித்து வைக்கும் வழக்கம் அக்காலத்துக் கிராமங்களில் இல்லை. ஒரு தமக்கையும் தமையன்மாரும் இருந்த குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. தந்தையார் கணபத்ராய், பட்வாரி எனப்படும் வரிக் கணக்கராக அரசாங்க ஊழியம் பார்த்தவர். ஏறக்குறைய நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத வாசிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அஃது ஒன்றே. வறுமையிலும் பிள்ளைகளைப் படிக்கவைப்பதில் தந்தையார் தளரவில்லை. குரானா முதற் பாடங்களைக் கற்றது கட்டடத்தில் அன்று, மரத்தடியில். லயத்தின் ஓரத்தில், ஒரே ஆசிரியரைக் கொண்டு, பல வகுப்புகளை ஒரே கூரையின் கீழ் நடத்திய தோட்டப் பாடசாலைகளைக் கண்டிருக்கும் ஊவாவின் மூத்தோருக்கு இக்காட்சி புதியதன்று.

பின்னர் அவர் முல்தான் நகரத்து டி.ஏ.வி. உயர்நிலைப் பாடசாலையிற் சேர்ந்தார். அங்கே ரத்தன் லால் என்னும் ஆசிரியரின் கற்பித்தல் அவர் உள்ளத்திற் பதிந்தது. லாகூரிற் பஞ்சாபுப் பல்கலைக்கழகத்தில் 1943இல் இளமாணிப் பட்டமும் 1945இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார். ஆங்கு அவரை வழிநடத்தியவர் மகான் சிங் என்னும் ஆசிரியர். பரிசோதனையில் நுட்பமும் செம்மையும் வாய்ந்தவர். உலகப் புகழ் எய்திய பின்னரும் குரானா தம் வாழ்க்கைக் குறிப்பில் இவ்விரு ஆசிரியர்களையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் இதனை மனத்திற் கொள்ளலாம்.

1945இல் இந்திய அரசாங்கத்தின் உதவிச்சம்பளம் அவரை லிவர்ப்பூலுக்கு அனுப்பியது. 1948இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், புகழ்பெற்ற இரசாயன அறிஞர் விளாடிமிர் பிரெலொக் என்பாரிடம் ஓராண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் பணி புரிந்தார். இதற்கிடையே, 1947ஆம் ஆண்டின் பிரிவினையால் அவர் பிறந்த ஊரும் படித்த நகரங்களும் வேற்று நாடாயின. குடும்பத்தார் டில்லிக்குப் பெயர்ந்தனர்.

1949இற் குரானா தாயகம் திரும்பினார். உதவிச்சம்பளம் பெற்றவர் நாட்டுக்குப் பணியாற்ற வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆயினும் அவருக்கேற்ற பதவி ஒன்றும் அப்பொழுது இந்தியாவிற் கிடைக்கவில்லை. கலாநிதிப் பட்டமும் சூரிச்சிற் பெற்ற பயிற்சியும் கையிலிருக்க, அமர்ந்து ஆய்வு செய்ய ஓர் இடமின்றி அவர் மீண்டும் கப்பலேற நேர்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நம் மலைநாட்டுத் தோட்ட மக்கள் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராயினர். இரண்டும் வேறு வேறு துன்பங்கள். எனினும், தனக்குரிய இடம் எது என்று ஒருவன் திகைத்து நிற்கும் நிலையை விளங்கிக்கொள்ள இங்குள்ளோருக்கு விரிவுரை வேண்டியதில்லை.

1950 முதல் 1952 வரை கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டொட், கென்னர் ஆகிய அறிஞர்களுடன் அவர் பணியாற்றினார். டி.என்.ஏ.யின் உறுப்புகளாகிய சிறு மூலக்கூறுகளின் இரசாயனத்தில் டொட் வல்லுநர். அதற்காகவே 1957இல் நோபெல் பரிசு பெற்றவர். குரானாவின் வாழ்நாட் பணிக்கு வித்திட்டது இக்கேம்பிரிட்ஜ் வாசமே. 1952இற் கனடாவின் வன்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா ஆராய்ச்சிக் கழகம் அவருக்கு இடமளித்தது. அங்கே வசதிகள் மிகக் குறைவு. விரும்பியதை ஆராயும் சுதந்திரமோ நிறைய இருந்தது. அதே ஆண்டில் எஸ்தர் சிப்லர் என்னும் சுவிஸ் நங்கையை மணந்தார். தாயகத்திற் கிடைக்காத இடம் பசிபிக் கடலோரத்திற் கிடைத்தது.

அக்காலத்தில் டி.என்.ஏ. பற்றிய அறிவு விரைந்து வளர்ந்தது. 1953இல் வொட்சனும் கிரிக்கும் அதன் இரட்டைச் சுருளமைப்பை வெளியிட்டனர். அதற்கு ஆதாரமாயமைந்த எக்ஸ் கதிர்ப் படங்களுள் முதன்மையானவை லண்டனில் ரொசலிண்ட் பிராங்ளின் அம்மையாரின் ஆய்விலிருந்து கிடைத்தவை. 1958இல், தம் 37ஆம் வயதில் மறைந்த இவ்வம்மையார் அளந்து கண்ட படிகச் சமச்சீரிலிருந்தே, இரண்டு இழைகளும் ஒரே திசையிற் செல்லவில்லை, எதிரெதிர்த் திசைகளிற் செல்கின்றன என்பதைக் கிரிக் உய்த்துணர்ந்தார். 1961இல் ஆதர் கோர்ன்பேர்க்கும் அவருடைய குழுவினரும் நொதியங்களைக் கொண்டு செய்த பரிசோதனை அதனை உறுதிப்படுத்தியது.

இத்திசை வேறுபாட்டைச் சற்று விளக்குதல் நன்று. டி.என்.ஏ.யில் எழுத்துகள் நான்கே: அடெனின், தைமின், குவானின், சைற்றோசின். இவற்றை ஏ, டி, ஜி, சி என்று சுருக்கி வழங்குவர். ஓர் இழையில் ஏ இருக்குமிடத்தில் எதிரிழையில் டி இருக்கும். ஜி இருக்குமிடத்திற் சி இருக்கும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு வெல்ல மூலக்கூறில் அமர்ந்துள்ளது. அவ்வெல்லத்தின் ஐந்தாம் காபன் அணு நோக்கியிருக்கும் முனையை இழையின் தொடக்கமென்றும், மூன்றாம் காபன் அணு நோக்கியிருக்கும் முனையை முடிவென்றும் கொள்வர். ஓர் இழையின் தொடக்கம் எங்குளதோ அங்கே எதிரிழையின் முடிவு இருக்கும்.

தமிழ் மாணவர் மாலைமாற்றை அறிவர். தொடக்கத்திலிருந்து படித்தாலும் இறுதியிலிருந்து படித்தாலும் மாறாதிருக்கும் செய்யுள் அது. திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியுள்ளார். விகடகவி என்னும் சொல் அதற்கு எளிய எடுத்துக்காட்டு. டி.என்.ஏ.யின் மொழியில் அத்தகைய சொற்கள் சில உண்டு. ஆயினும் பெரும்பாலானவை அவ்வாறல்ல. ஏ-டி-ஜி என்னும் மூன்றெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது மெதியோனின் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கும். புரதம் தொடங்குமிடத்தின் அடையாளமும் அதுவே. அதே இடத்தில் எதிரிழையை அதன் சொந்தத் தொடக்கத்திலிருந்து படித்தால் சி-ஏ-டி என்று வரும், அது ஹிஸ்ரிடின். எதிரெழுத்துகளை மட்டும் எழுதித் திசையை மாற்ற மறந்தால் டி-ஏ-சி; அது தைரோசின். திசையை மட்டும் மாற்றி எதிரெழுத்துகளை எழுத மறந்தால் ஜி-டி-ஏ, அது வலின். ஓரிடத்துக்கு நான்கு விடைகள்! அவற்றுள் அப்பரம்பரையலகு கருதிய விடை ஒன்றே.

1960இற் குரானா அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து நொதிய ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டில் மார்ஷல் நிரென்பேர்க் என்பவர், யூ என்னும் ஓரெழுத்து மட்டுமே தொடரும் ஆர்.என்.ஏ. இழை ஒரே வகை அமினோ அமிலத்தாலான புரதத்தைத் தருவதைக் காட்டினார். ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.யிலிருந்து எடுக்கப்படும் பிரதி; அதில் டி இருக்க வேண்டிய இடத்தில் யூ இருக்கும். நிரென்பேர்க்கின் கண்டுபிடிப்பால் உயிர்மொழியின் அகராதியில் முதற் சொல் கிடைத்தது. எஞ்சிய சொற்களைக் காண்பதற்கு, எழுத்துகள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பது ஐயமின்றித் தெரிந்த இழைகள் தேவைப்பட்டன. அவற்றைச் செய்யும் ஆற்றல் குரானாவிடம் இருந்தது.

அவர் கையாண்ட முறை அழகியது. டி, ஜி என்னும் இரண்டு எழுத்துகள் மாறி மாறி வரும் சிறு டி.என்.ஏ. இழையை இரசாயன முறையாற் செய்தார். அதன் எதிரிழையில் ஏயும் சியும் மாறி மாறி வரும். கோர்ன்பேர்க் கண்டறிந்த நொதியத்தைக் கொண்டு இவற்றை நீண்ட இரட்டை இழையாக வளர்த்தார். பின்னர் அவ்விரட்டை இழையிலிருந்து ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கவேண்டும். எந்த இழையிலிருந்து எடுப்பது? அதனைத் தீர்மானிக்க அவர் செய்த உபாயம் எளிமையானது: பிரதியெடுக்கும் நொதியத்துக்கு இரண்டு எழுத்துகளை மட்டுமே வழங்கினார். ஏயையும் சியையும் கொடுத்தால், டி-ஜி இழையைத் தவிர வேறெதனையும் அது பிரதியெடுக்க இயலாது. யூவையும் ஜியையும் கொடுத்தால் மற்றை இழைதான் பிரதியாகும்.

விளைவு வியப்புக்குரியதாயிற்று. முதலாம் பிரதி திரியோனினும் ஹிஸ்ரிடினும் மாறி மாறி வரும் புரதத்தைத் தந்தது. இரண்டாம் பிரதி சிஸ்ரீனும் வலினும் மாறி மாறி வரும் புரதத்தைத் தந்தது. டி.என்.ஏ. ஒன்றே, இழை மாறியதும் புரதமே வேறாயிற்று. சரியான இழையைத் தெரிந்தெடுப்பது ஏட்டுக் கணக்கன்று, உயிரின் வினையையே மாற்றவல்லது என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

மூன்றெழுத்துச் சொற்களாக அமையக்கூடிய 64 வகைகளையும் குரானாவின் கூடம் செய்து முடித்தது. அவற்றாலும் நீண்ட இழைகளாலும் கிடைத்த முடிவுகள் நிரென்பேர்க் குழுவினரின் முடிவுகளோடு இணைந்து அகராதியை நிறைவு செய்தன. 1968இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு குரானா, நிரென்பேர்க், ரொபேர்ட் ஹொலி ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1949இல் வேலை கொடுக்க இயலாத இந்தியா, 1969இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அளித்தது. அவரோ 1966இலேயே அமெரிக்கக் குடிமகனாகிவிட்டார்.

பரிசு பெற்றதோடு பணி முடிந்ததெனப் பலர் ஓய்வது வழக்கம். குரானாவின் அரிய சாதனை அதன் பின்னரே வந்தது. மதுவக்கலத்தில் அலனினைச் சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ.யின் 77 எழுத்துகளையும் ஹொலி 1965இற் கண்டறிந்திருந்தார். அதனைத் தோற்றுவிக்கும் பரம்பரையலகைக் கையாற் கட்டுவதென்று குரானா துணிந்தார். 77 எழுத்துகளை ஒரே தொடராகக் கோத்தல் அன்றைய இரசாயனத்துக்கு இயலாத காரியம். ஆகவே 5 முதல் 20 எழுத்து வரை நீளமுள்ள 15 துண்டுகளாக அதனை வகுத்தார். சில துண்டுகள் ஓரிழைக்கும் ஏனையவை எதிரிழைக்கும் உரியவை. ஓரிழையில் இரு துண்டுகள் சந்திக்கும் இடம் எதிரிழைத் துண்டொன்றின் நடுவில் அமையுமாறு திட்டமிட்டார். செங்கல் அடுக்கும் மேசன், மேல் வரியின் பொருத்து கீழ் வரியின் பொருத்தோடு ஒன்றாதவாறு அடுக்குவதை ஒத்தது இது.

துண்டுகளை ஒட்டும் பணி லைகேஸ் என்னும் நொதியத்தினுடையது. அந்நொதியமும் திசையறிந்தே செயற்படும். ஒரு துண்டின் மூன்றாம் காபன் முனையும் அடுத்த துண்டின் பொசுபேற்றுத் தாங்கிய ஐந்தாம் காபன் முனையும் அருகருகே வந்தாலன்றி அது ஒட்டாது. ஒரு துண்டு தலைகீழாகத் திட்டமிடப்பட்டிருப்பின் அது பொருந்த வேண்டிய இடத்திற் பொருந்தாது. பல மாத உழைப்பும் வீணாகும். பல நாடுகளிலிருந்து வந்த இளம் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முற்றிலும் மனிதராற் கட்டப்பட்ட முதற் பரம்பரையலகை உலகுக்கு அறிவித்தனர். அவ்வாண்டிலேயே குரானா மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்குச் சென்றார்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. அப்பரம்பரையலகில் உடல் இருந்தது. இங்கே தொடங்கு, இத்திசையிற் செல், இங்கே நிறுத்து என்று நொதியத்துக்கு அறிவிக்கும் பகுதிகள் இல்லை. உயிரணுவில், எந்த இழை பிரதியெடுக்கப்பட வேண்டுமென்பதைத் தீர்மானிப்பது பரம்பரையலகின் முன்னே நிற்கும் அத்தொடக்கப் பகுதியே. அது கைகாட்டி மரம் போன்று ஒரு திசையை நோக்கி நிற்பது. குரானாவும் அவருடைய குழுவினரும் குடற் பற்றீரியமொன்றின் தைரோசின் ஆர்.என்.ஏ. பரம்பரையலகை எடுத்து, அதன் முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளை ஆராய்ந்தறிந்து, அப்பகுதிகளையும் சேர்த்து 207 எழுத்திணைகள் கொண்ட முழு அமைப்பைக் கட்டினர். 1976இல், அஃது உயிருள்ள பற்றீரியத்தினுள் இயற்கைப் பரம்பரையலகைப் போன்றே செயற்படுவதாக அறிவித்தனர். கையாற் செய்த எழுத்து உயிரினுள் வாசிக்கப்பட்டது.

இப்பணியினூடே வெளிப்பட்ட வேறொரு கருத்தும் குறிப்பிடத்தக்கது. ஓர் இரட்டை இழையைப் பிரித்து, ஒவ்வோர் இழைக்கும் ஒன்றாக, எதிரெதிர்த் திசை நோக்கும் இரண்டு சிறு துண்டுகளைப் பொருத்தினால், நொதியம் இரு இழைகளையும் மீண்டும் முழுமையாக்கும். இதனைத் திரும்பத் திரும்பச் செய்து டி.என்.ஏ.யைப் பெருக்கலாம் என்று அவர் கூடத்தில் இருந்த கெல் கிளெப்பேயும் உடனுழைத்தோரும் 1971இல் எழுதினர். 1983இல் கரி மல்லிஸ் அதனையொத்த முறையை வகுத்து நடைமுறைப்படுத்தி, 1993இல் நோபெல் பரிசு பெற்றார். 2020இற் கொவிட் நோய் பரவியபோது மூக்கிலிருந்து எடுத்த மாதிரியைச் சோதிக்கப் பி.சி.ஆர். என்று நம் ஊர் வைத்தியசாலைகள் வரை பேசப்பட்ட பரிசோதனை இம்முறையினதே. அதிலும் இரு துண்டுகளுள் ஒன்று திசைமாறி அமைந்தால் ஒன்றும் பெருகாது.

பிற்காலத்திற் குரானா கண்ணின் பார்வைக்கு உதவும் ரொடொப்சின் என்னும் புரதத்தை ஆராய்ந்தார். 2007இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டில் அவர் பெயரால் இந்திய, அமெரிக்க மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றும் தொடங்கப்பட்டது. 2011 நவம்பர் 9ஆம் நாள், 89ஆம் வயதில், மசசூசெற்ஸ் மாநிலத்துக் கொங்கோர்ட் நகரிற் காலமானார். அடக்கமானவர், கூட்டத்தினும் கூடத்தை விரும்பியவர், நெடுந்தூரம் நடப்பதில் இன்பம் கண்டவர்.

இன்று ஒரு பரம்பரையலகின் எழுத்துகளைக் காணப் பொறிகள் வந்துவிட்டன. ஆயினும் திசையறியும் பணி ஒழியவில்லை. பொறி தரும் எழுத்துத் தொடர் எந்த இழைக்குரியது என்பது அதனைப் பார்த்த அளவில் விளங்குவதில்லை. ஓரிழையில் மூன்று விதமாகவும் எதிரிழையில் மூன்று விதமாகவும், ஆக ஆறு விதமாக அதனைப் படித்துப் பார்க்கின்றனர். தொடக்கச் சொல்லிலிருந்து நிறுத்தச் சொல் வரை தடையின்றி நீளும் வாசிப்பு எதுவென்று தேடுகின்றனர். உயிரணுவிலிருந்து பெற்ற ஆர்.என்.ஏ. பிரதியோடும் ஒப்பிடுகின்றனர். அப்பிரதியின் முடிவில் ஏ என்னும் எழுத்து நீண்டு தொடர்வதால், வால் எது தலை எது என்பது தெரிந்துவிடும். முடிவில் ஒவ்வொரு பரம்பரையலகின் பக்கத்திலும் கூட்டற் குறியோ கழித்தற் குறியோ இட்டு இழையைப் பதிவு செய்கின்றனர்.

நம் மலைச்சரிவுகளைப் பசுமையாக்கும் தேயிலையின் டி.என்.ஏ. எழுத்துத் தொகுதி 2017இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட அப்பெருநூலிலும் ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் அக்குறி இடப்பட்டிருக்கின்றது. கொழுந்து பறித்த கைகள் அறியாத அந்நூலை, அக்கைகள் வளர்த்த பிள்ளைகள் இனிப் படிக்கலாம். 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கின்றது. தேயிலைத் தொழில்நுட்பமும் அங்கே கற்பிக்கப்படுகின்றது.

ராய்ப்பூரின் மரத்தடியிலிருந்து நோபெல் பரிசு வரை குரானாவைக் கொண்டு சென்றவை அவருடைய ஆற்றலும் உழைப்புமே என்று கூறி அமைதல் எளிது. அது முழு உண்மையன்று. எழுத்தறிந்த தந்தை ஒருவர், பெயர் சொல்லத்தக்க ஆசிரியர் இருவர், உதவிச்சம்பளம் ஒன்று, வன்கூவரில் வசதி குறைந்த கூடம் ஒன்று ஆகிய இவற்றுள் ஒன்று தவறியிருப்பினும் அவ்வாற்றல் எங்கோ முடங்கியிருக்கும். 1949இல் அவர் டில்லியில் நின்றபோது அவ்வாறு முடங்கவும் பார்த்தது. நம் தோட்டப் பாடசாலைகளிலிருந்து பதுளைக்கும் பண்டாரவளைக்கும் உயர்தரம் கற்க வரும் மாணவர்களுள் எவரிடம் அத்தகைய ஆற்றல் உள்ளதென்று முன்கூட்டி அறிவார் யார்? ஆதலால் வருகின்ற ஒவ்வொருவருக்கும் இடமிருத்தல் வேண்டும்.